இந்தக் கணினியை அணைக்காதீர்கள்

அப்பா கடைசியாக டைப் செய்த வரி "மாடி டேங்க் மூடி". அவ்வளவுதான். மூடி உடைந்துவிட்டதா, காற்றில் பறந்துவிட்டதா, புதிதாக வாங்க வேண்டுமா, எந்த விவரமும் கிடையாது. பக்கவாதத்துக்குப் பிறகு அவர் இடது கையின் ஒற்றை விரலால்தான் டைப் செய்வார். மூன்று வார்த்தைக்கே ஐந்து நிமிடம் ஆகும்.

அந்தப் பட்டியலை ஆரம்பித்தது அக்கா. அவள் கோவையில், நான் பெங்களூரில், அம்மாவும் அப்பாவும் கோவில்பட்டியில். மாத்திரை எப்போது தீருகிறது, பிசியோதெரபிஸ்ட்டுக்கு யார் பணம் அனுப்புவது, அடுத்த ஸ்கேன் எந்தத் தேதி என்று எல்லாவற்றையும் முதலில் போனிலேயே பேசிச் சமாளித்தோம். ஒரே மாத்திரையை அக்காவும் நானும் தனித்தனியாக ஆர்டர் செய்து வீட்டில் நான்கு மாதத்துக்கான ஸ்டாக் சேர்ந்த பிறகுதான், இலவசமாகக் கிடைத்த ஒரு பணிப்பட்டியல் செயலிக்கு மாறினோம். சும்மா பார்த்துக்கொள்ளட்டும் என்று அப்பாவின் போனிலும் போட்டுக் கொடுத்தோம். அவர் பார்ப்பதோடு நிற்கவில்லை, எழுத ஆரம்பித்தார். "துளசிக்கு தண்ணி." "கரண்ட் பில்." ஒருநாள், "சின்னவன் போன் பண்ணல." நான் போன் செய்ததும் அதற்கு டிக் அடித்துவிட்டார்.

அவர் போய் ஒரு வருடம் கழித்து அந்தச் சேவையை மூடினார்கள். முன்னறிவிப்பு மெயில் இரண்டு முறை வந்தது, தரவுகளை இறக்கிக்கொள்ளக் கெடுவும் கொடுத்திருந்தார்கள். நான் மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இந்த மாதிரி மெயில்களை வேலையில் நானே எழுதி அனுப்பியிருக்கிறேன். அப்புறம் பார்க்கலாம் என்று நட்சத்திரம் போட்டு வைத்தேன். நட்சத்திரம் போட்ட மெயில்களும் ஒருவகைப் பணிப்பட்டியல்தானே. அதில் அது எங்கேயோ அடியில் போய்விட்டது. கெடு முடிந்து எட்டு நாள் கழித்துதான் ஞாபகம் வந்தது.

யார்மேலும் பழி போட முடியாத இழப்பு அது. ஆனால் அன்று ராத்திரி ஒரு கேள்வி வந்து உட்கார்ந்துகொண்டது. எங்கள் வீட்டு வேலைகளின் பட்டியல் எங்கள் வீட்டைவிட்டு எப்போது வெளியே போனது? அது ஏன் போக வேண்டியிருந்தது?

*

1927-ல் பெர்லினில் ப்ளூமா ஸெய்கார்னிக் என்ற இளம் உளவியலாளர் ஒரு ஆய்வை வெளியிட்டார். லித்துவேனியாவில் பிறந்தவர், குர்ட் லெவினின் மாணவி. அந்த ஆய்வின் பின்னால் உணவு விடுதி சர்வர்களைப் பற்றிய ஒரு கவனிப்பு இருந்ததாகச் சொல்வார்கள். யார் என்ன கேட்டார்கள் என்பது பில் கொடுக்கும்வரை சர்வருக்குத் தலைகீழ்ப் பாடம். பில் முடிந்துவிட்டால் சுத்தமாக மறந்துபோகும். ஸெய்கார்னிக் ஆட்களை வரவழைத்துச் சின்னச் சின்ன வேலைகளைக் கொடுத்தார். பாதி வேலைகளை முடிக்க விட்டார், மீதியை நடுவிலேயே நிறுத்தினார். பிறகு கேட்டபோது, முடிந்த வேலைகளைவிட அறுந்துபோனவைதான் ஏறக்குறைய இரண்டு மடங்கு நினைவுக்கு வந்தன. பின்னால் அதே சோதனையைச் செய்து பார்த்தவர்கள் எல்லோருக்கும் அதே முடிவு கிடைக்கவில்லை. ஆனாலும் அரைகுறையாக விட்ட வேலை மனதை அரிக்கும் என்ற எண்ணத்துக்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது.

2011-ல் மாசிகாம்போ, பௌமைஸ்டர் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் அதற்கு ஒரு பின்குறிப்பு எழுதினார்கள். அரிப்பு அடங்க வேலையை முடிக்க வேண்டுமென்றே இல்லையாம். எப்போது, எப்படிச் செய்யப்போகிறோம் என்று ஒரு திட்டம் போட்டாலே மனம் விட்டுவிடுமாம்.

என் அப்பா இதையெல்லாம் படிக்காமலேயே செய்தவர். எங்கள் வீட்டுக் கூடத்தில் தினசரி காலண்டர் தொங்கும். ஜூன் 10-ம் தேதி பிரீமியம் கட்ட வேண்டுமென்றால், ஜனவரியிலேயே தாள்களை விரலால் தள்ளிக்கொண்டு போய் ஜூன் 10 தாளின் மூலையில் "பிரீமியம்" என்று எழுதிவிடுவார். அதற்குப் பிறகு அதை நினைக்க மாட்டார். ஜூன் 9-ஐக் கிழித்ததும் அது தானாக மேலே வரும். கிழித்த தாளின் பின்பக்கத்தில் அன்றைய வேலைகள். முடிந்ததும் அது சமையலறைப் பக்கம் இருந்த பில் கம்பியில் குத்தப்படும். வருடக் கடைசியில் அந்தக் கம்பியை எடுத்துப் பார்த்தால் எங்கள் குடும்பத்தின் ஒரு வருடம் கையில் இருக்கும். அம்மா அதை வெந்நீர் அடுப்பில் போடுவாள்.

*

பட்டியல் முதன்முதலில் கணினிக்குள் ஏறியபோது கூடவே பலசரக்குச் சாமானும் ஏறியது.

1968 டிசம்பர் 9, சான் ஃபிரான்சிஸ்கோ. டக் எங்கல்பார்ட் என்ற பொறியாளர் ஏறக்குறைய ஆயிரம் பேர் முன்னால் தொண்ணூறு நிமிடம் ஒரு செயல்விளக்கம் கொடுத்தார். மவுஸை உலகம் பார்த்தது அன்றுதான். பல திரைப்பகுதிகள், சுட்டினால் தாவும் இணைப்புகள், தூரத்தில் இருப்பவரோடு ஒரே ஆவணத்தில் வேலை செய்வது என்று இன்று நாம் சாதாரணமாக நினைக்கும் பலவும் அந்த ஒன்றரை மணி நேரத்தில் இருந்தன. ஆனால் அவர் ஆரம்பத்திலேயே திரையில் காட்டிய உதாரணங்களில் ஒன்று, வீட்டுக்குப் போகும் வழியில் வாங்க வேண்டிய சாமான் பட்டியல். அதில் வாழைப்பழம் இருந்தது. சாமான்களை வகைவகையாகப் பிரித்தார், ஒரு வகையைச் சுருட்டினார், திரும்ப விரித்தார். பிறகு போகும் வழியை வரைபடமாகக் காட்டி, எந்த இடத்தில் என்ன வேலை என்று சுட்டினார்.

அந்தப் பதிவைப் பலமுறை பார்த்திருக்கிறேன். அப்பாவின் பட்டியல் போன பிறகு பார்த்தபோதுதான் ஒரு விஷயம் உறைத்தது. மேடையில் இருந்தது திரையும் விசைப்பலகையும் மவுஸும்தான். கணினி அங்கே இல்லை. அது ஏறக்குறைய 50 கிலோமீட்டர் தள்ளி மென்லோ பார்க்கில், அவருடைய ஆய்வுக்கூடத்தில் இருந்தது. காட்சி மைக்ரோவேவ் அலைகளில் வந்தது, அவர் தட்டிய எழுத்துகள் தொலைபேசிக் கம்பி வழியே போயின. அதாவது பிறந்த அன்றே அந்தப் பட்டியல் இன்னொரு இடத்துக் கணினியில்தான் இருந்தது. அப்போது கணினி ஓர் அறையை அடைத்துக்கொள்ளும் பொருள், அதைப் பலர் பங்குபோட்டுத்தான் பயன்படுத்த முடியும். வேறு வழியில்லை.

எங்கல்பார்ட்டுக்குப் பொறி தட்டியது 1945-ல். கடற்படையில் ரேடார் டெக்னீஷியனாகப் பிலிப்பைன்ஸின் லெய்ட்டே தீவில் இருந்தபோது, மூங்கில் கால்மேல் நின்ற குடிசையில் ஒரு செஞ்சிலுவைச் சங்க நூலகம். அங்கே வனிவர் புஷ் எழுதிய கட்டுரையைப் படித்தார். புஷ் கற்பனை செய்த 'மெமெக்ஸ்' ஒரு மேஜை. ஒரு மனிதனின் புத்தகம், கடிதம், குறிப்பு எல்லாம் மைக்ரோஃபிலிமாக அந்த மேஜைக்குள்ளேயே இருக்கும். அவனுடைய நினைவு அவனுடைய அறையில். கனவில் வீட்டில் இருந்தது, செயலுக்கு வந்தபோது ஆய்வுக்கூடத்தில் இருந்தது.

*

வீட்டுக்குத் திரும்பும் வாய்ப்பு இருபது வருடம் கழித்து வந்தது. 1990 கடைசியில் ஜெனீவாவுக்குப் பக்கத்தில் உள்ள செர்ன் ஆய்வகத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ வலையின் முதல் சர்வரை ஓடவிட்டார். அது அவருடைய மேஜையில் இருந்த நெக்ஸ்ட் கணினி. யாராவது அணைத்துவிட்டால் உலகத்தின் மொத்த வலையும் அணைந்துவிடும். அதனால் ஒரு ஸ்டிக்கரில் சிவப்பு மையால், இது சர்வர், அணைத்துவிடாதீர்கள் என்று எழுதி ஒட்டினார். அந்தக் கணினியும் ஸ்டிக்கரும் இன்றும் பத்திரமாக இருக்கின்றன.

அவர் எழுதிய முதல் பிரவுசரில் படிக்க மட்டுமில்லை, பக்கங்களைத் திருத்தவும் முடியும். எல்லோரும் எழுதுவார்கள், யார் கணினி வேண்டுமானாலும் சர்வராக இருக்கலாம் என்பதுதான் வடிவமைப்பு. சர்வர் என்பது ஒரு கட்டிடமோ கம்பெனியோ இல்லை. கேட்டால் பதில் சொல்ல உட்கார்ந்திருக்கும் ஒரு நிரல், அவ்வளவே. அது தன் கணினியோடு தானே பேசிக்கொள்ளவும் முகவரி உண்டு: 127.0.0.1. செல்லப்பெயர் லோக்கல்ஹோஸ்ட். இந்தத் தன்னோடு தானே பேசும் வேலைக்காக ஒதுக்கிய முகவரிகள் மட்டும் 1.67 கோடிக்கு மேல். அன்றைக்கு முகவரிகள் அவ்வளவு தாராளம்.

*

2001-ல் டேவிட் ஆலன் 'கெட்டிங் திங்ஸ் டன்' புத்தகத்தை எழுதினார். தலைக்குள் எதையும் வைத்துக்கொள்ளாதே, நம்பகமான ஒரு இடத்தில் எழுதி வை, வேலைகளை முக்கியத்துவத்தால் மட்டுமில்லாமல் இடத்தாலும் பிரி என்பது அவர் முறை. வீட்டில் செய்ய வேண்டியவை, போனில் செய்ய வேண்டியவை, கடைக்குப் போகும்போது செய்ய வேண்டியவை. கூடவே 43 ஃபோல்டர்கள்: மாதத்துக்கு ஒன்றாக 12, தேதிக்கு ஒன்றாக 31. எதிர்காலத்தில் தேவைப்படும் காகிதத்தை அந்தத் தேதியின் ஃபோல்டரில் போட்டுவிட்டு மறந்துவிடலாம். புத்தகத்தில் இந்த இடம் வந்தபோது சிரித்துவிட்டேன். எங்கள் கூடத்து தினசரி காலண்டரேதான் அது.

அலுவலக மேலாளர்களுக்கான அந்தப் புத்தகத்தைப் புரோகிராமர்கள் கையில் எடுத்துக்கொண்டது ஒரு வேடிக்கை. எதையும் உள்ளீடு, வரிசை, நிலை என்று பார்ப்பவர்களுக்கு அது ஒரு நிரல் மாதிரியே இருந்தது. 2004 ஜூலையில் டென்மார்க்கைச் சேர்ந்த டேவிட் ஹைன்மயர் ஹான்சன் ரூபி ஆன் ரெயில்ஸை வெளியிட்டார். மாதக்கணக்கில் எழுத வேண்டிய வலைச்செயலியைச் சில நாட்களில் எழுதலாம் என்ற தெம்பைக் கொடுத்தது அது. தெம்பு வந்தவர்கள் முதலில் என்ன செய்தார்கள்? பணிப்பட்டியல்! ரெயில்ஸ் பிறந்த 37சிக்னல்ஸ் கம்பெனியே 2005 ஜனவரியில் 'டா-டா லிஸ்ட்' என்று ஒன்றை இலவசமாக விட்டது. அதே காலத்தை ஒட்டி, இங்கிலாந்திலிருந்து ஒருவர் ஆலனின் முறையை அப்படியே ரெயில்ஸில் எழுதி, கட்டற்ற மென்பொருளாகக் கொடுத்தார். பெயர் 'ட்ராக்ஸ்'.

இரண்டுக்கும் வித்தியாசம் எளிது. டா-டா லிஸ்ட் அவர்கள் கணினியில் ஓடும், நாம் போய் எழுத வேண்டும். ட்ராக்ஸை நாம் இறக்கி நம் கணினியில் ஓட்ட வேண்டும்.

2008-ல் இன்ஜினியரிங் கடைசி வருட விடுமுறையில் ட்ராக்ஸை எங்கள் வீட்டு எக்ஸ்பி கணினியில் நிறுவினேன். எழுதிப் பார்த்தால் நாலு வரிதான். ரூபியை நிறுவு. ஜிப் கோப்பைப் பிரி. எந்த டேட்டாபேஸ் என்று ஒரு கோப்பில் சொல்லு. ரேக் கட்டளை கொடுத்து டேபிள்களை உருவாக்கு. பிறகு சர்வரை ஓட்டி, பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் 3000. எனக்கு இரண்டு நாள் ஆனது. ரூபியில் ஒரு பதிப்பு கேட்டால் இன்னொன்று இருந்தது. அமைப்புக் கோப்பில் பாஸ்வேர்டுகளைக் குழப்பிச் சேமிக்க ஒரு ரகசியச் சொல் வேண்டும். அந்த இடத்தில் 'என்னை மாற்று' என்ற அர்த்தத்தில் 'சேஞ்ச்-மீ' என்று போட்டிருந்தார்கள். அதை மாற்றாமலே ஓட்டிவிட்டு, பிறகு மாற்றியதும், நான் போட்ட பாஸ்வேர்டே உள்ளே விடமாட்டேன் என்றது. அந்த இரண்டு நாளில் டேட்டாபேஸ், போர்ட், ஹேஷ் பற்றிக் கற்றுக்கொண்டது வகுப்பில் படித்ததைவிட அதிகம்.

கடைசியில் பக்கம் வந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். கறுப்பு டாஸ் ஜன்னலில் வரிகள் ஓடிக்கொண்டிருந்தன, அதை மூடினால் பட்டியலும் போய்விடும்.

"யாருக்குய்யா இது?"

"நமக்குத்தாம்ப்பா. செய்ய வேண்டிய வேலையெல்லாம் இதுல போட்டுக்கலாம்."

கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுக்கு கரண்ட் வேணுமே" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. அந்த வருடம் தமிழ்நாட்டில் மின்வெட்டு ஆரம்பித்திருந்தது. 2012 வாக்கில் சென்னைக்கு வெளியே ஒரு நாளைக்குப் பல மணி நேரம் மின்சாரம் இருக்காது. என் சர்வர் எப்போது உயிரோடு இருக்கும் என்பது மின்வாரியத்தின் கையில் இருந்தது. பெங்களூருக்கு வேலைக்குப் போனதும் ட்ராக்ஸை மறந்தேன். காலண்டர் பாட்டுக்குத் தொங்கியது.

*

பட்டியல் வீட்டைவிட்டுப் போனதற்குக் கம்பெனிகளின் பேராசை மட்டும் காரணம் என்று எழுதினால் கைதட்டுக் கிடைக்கும். ஆனால் அது முழு உண்மை இல்லை.

2007-ல் ஐபோன் வந்தது. பட்டியல் தேவைப்படும் இடம் மேஜையில்லை, கடைவீதி என்பது எங்கல்பார்ட்டுக்கே தெரியும். சட்டைப்பையில் கணினி வந்ததும் வீட்டு மேஜையில் மட்டும் தெரியும் பட்டியல் அர்த்தம் இழந்தது. அப்படியானால் வீட்டுக் கணினியை வெளியிலிருந்து எட்டினால் போதாதா? அங்கேதான் இரண்டாவது சிக்கல். இணையத்தின் பழைய முறையில் மொத்தமே சுமார் 429 கோடி முகவரிகள். 2011 பிப்ரவரியில் உலகப் பொதுக் கையிருப்பு தீர்ந்தது. இன்று நம் வீட்டு இணைப்புகளில் பலவற்றுக்குச் சொந்த முகவரி கிடையாது. ஒரே முகவரிக்குப் பின்னால் பல வீடுகளை இணைய நிறுவனம் வைத்திருக்கும். நாம் வெளியே போய்க் கேட்கலாம், வெளியிலிருந்து யாரும் நம் கதவைத் தட்ட முடியாது. தன்னோடு பேசிக்கொள்ள ஒன்றரைக் கோடிக்கும் மேல் முகவரிகள் இருக்கின்றன, ஊரோடு பேச வீட்டுக்கு ஒன்று இல்லை.

மூன்றாவது, பராமரிப்பு. 2006-ல் அமேசான் சேமிப்பையும் கணினியையும் வாடகைக்கு விட ஆரம்பித்தது. மின்சாரம், முகவரி, பழுது எதைப் பற்றியும் கவலையில்லாமல் இரண்டு பேர் சேர்ந்து லட்சம் பேருக்கு ஒரு செயலி நடத்தலாம் என்றானது. நாமும் நிம்மதியாகப் பட்டியலை அங்கே குடிவைத்தோம்.

பிறகு வரிசையாக வீடு காலி செய்யச் சொன்னார்கள். 'ஆஸ்ட்ரிட்' செயலியை யாஹூ 2013 மே மாதம் வாங்கி ஆகஸ்டில் மூடியது. பெர்லினில் பிறந்த 'வண்டர்லிஸ்ட்'டை மைக்ரோசாஃப்ட் 2015-ல் வாங்கி 2020 மே 6-ல் நிறுத்தியது. இடையில் அதை உருவாக்கிய கிறிஸ்டியன் ரேபரே திரும்ப வாங்கிக்கொள்கிறேன் என்று பகிரங்கமாகக் கேட்டும் பார்த்தார், நடக்கவில்லை. எல்லோரும் அப்படியில்லை. 37சிக்னல்ஸ், புதியவர்களைச் சேர்ப்பதை நிறுத்திய பிறகும் பழைய பயனர்களுக்காக டா-டா லிஸ்ட்டை ஓட்டிக்கொண்டிருந்தது. ஆஸ்ட்ரிட்டின் நிரலும் திறந்ததாக இருந்ததால் இன்னொருவர் அதை எடுத்து 'டாஸ்க்ஸ்' என்ற பெயரில் இன்றுவரை வளர்க்கிறார். நிரல் திறந்திருந்தால் செயலி பிழைத்துக்கொள்ளும். அதில் இருந்த என் வீட்டு வரிகள் பிழைக்க, அவை என் கையில் ஒரு பிரதியாக இருந்திருக்க வேண்டும்.

*

போன வருடம் வேலையை வீட்டிலிருந்தே பார்க்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொண்டு கோவில்பட்டி வந்தேன். அம்மா தனியாக இருக்கிறாள். வந்த முதல் வாரமே பழைய லேப்டாப் ஒன்றில் லினக்ஸ் போட்டு, 'விக்குன்யா' என்ற பணிப்பட்டியல் செயலியை நிறுவினேன்.

2008-ல் இரண்டு நாள் எடுத்தது இப்போது இருபது நிமிடம். இடையில் 2013-ல் டாக்கர் வந்துவிட்டது. செயலியும் அதற்குத் தேவையான சகலமும் ஒரே பொட்டலமாக வரும், பதிப்புச் சண்டை கிடையாது. ஒரு அமைப்புக் கோப்பு, ஒரு கட்டளை, பிரவுசரில் 3456. பழைய லேப்டாப்பின் பேட்டரியே சின்ன யுபிஎஸ். வெளியிலிருந்து எட்ட, என் கருவிகளை மட்டும் இணைக்கும் ஒரு விபிஎன். அக்காவின் போனிலும் போட்டாயிற்று.

ஒரு எச்சரிக்கை மட்டும் சொல்ல வேண்டும், நீங்களும் செய்து பார்ப்பதாக இருந்தால். டாக்கர் பொட்டலத்தைத் தூக்கிப் போட்டுப் புதிது வைப்பது சுலபம். தரவு அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே இருந்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். அதை வெளியே, உங்கள் டிஸ்க்கில் உள்ள ஒரு ஃபோல்டரோடு கட்ட வேண்டும். இரண்டாவது வாரம் பதிப்பு உயர்த்தியபோது அந்த ஒரு வரியைப் போடாமல் விட்டிருந்தது தெரிந்தது. பன்னிரண்டு நாள் பட்டியல் போயிற்று. இந்த முறை மெயில் அனுப்பக்கூட ஆள் இல்லை. வேறொருவர் சர்வரில் இருந்தபோது அவர்கள் மூடினார்கள், என் சர்வரில் நானே அழித்தேன். வீட்டில் வைப்பதால் பட்டியல் பத்திரமாகிவிடாது. பத்திரமாக வைக்கும் வேலை என் பட்டியலில் வந்து சேரும், அவ்வளவுதான். இப்போது தினமும் ராத்திரி இரண்டு மணிக்குப் பிரதி எடுத்து ஒன்று பென்டிரைவிலும் ஒன்று அக்கா வீட்டுக் கணினியிலும் போகிறது.

புதுப் பட்டியலில் முதலில் என்ன போடுவது என்று ரொம்ப நேரம் யோசித்தேன். "மாடி டேங்க் மூடி" என்று போட்டேன். மேலே ஏறிப் பார்த்தால் டேங்க்குக்கு மூடி இருந்தது, பச்சை பிளாஸ்டிக், புதிது. அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பா சொல்லிட்டே இருந்தாருல்ல. காரியம் முடிஞ்ச மறுவாரமே ஆள விட்டு மாத்திட்டேன்."

"எங்கிட்ட சொல்லவே இல்லயேம்மா."

"எதுல எழுதிப் போடணும்னு எனக்குத் தெரியல."

டிக் அடித்தேன்.

லேப்டாப் சமையலறைக்கு வெளியே அலமாரியில் இருக்கிறது, கிரைண்டர் பிளக் பாயின்ட்டுக்குப் பக்கத்தில். வாரம் ஒருமுறை மாவாட்டும் அன்று அம்மா அதன் வயரைப் பிடுங்கிவிடுவாள், திரும்பச் சொருக மறந்துவிடுவாள். பேட்டரி தீர்ந்து, கோவையிலிருந்து அக்கா "லிஸ்ட் வரல" என்று போன் செய்வாள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரு வெள்ளைத் தாளில் சிவப்பு ஸ்கெட்ச்சால் எழுதி ஒட்டினேன்: "இது சர்வர். அணைக்கக் கூடாது."

இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் அதன் கீழே நீல பால்பாயின்ட்டில் அம்மாவின் கையெழுத்து.

"இடி இடிச்சா அணைப்பேன்."